பிக்கப்புக்கு அடியில்

ரோஷானிக்கு அழத் தெரியாது என்று ஹெதர்டன் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. புருஷன் டெனிஸ்டன் மரம் விழுந்து செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. சவப்பெட்டியை மூடும்போது அவள் அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. அழுவதற்குத் தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் ஆட்கள் இருந்தார்கள். அழவேண்டியவள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "கல்லு நெஞ்சுக்காரி" என்று மாமியார் திரேசா ஒரே ஒரு தடவை வாய்விட்டாள். பிறகு அவளுக்கே மனம் கேட்காமல், அன்றிரவு மருமகளின் தட்டில் ஒரு கரண்டி கறி கூடுதலாக வைத்தாள்.

கறியில் உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா, ரோஷானிக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலோ என்று இருக்குமே, அப்படி அவள் முழுக்க மரத்துப் போயிருந்தாள். காலையில் மலைக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், நிறுத்தாள், வந்து சமைத்தாள். யார் எதைச் சொன்னாலும் செய்தாள். நல்ல மருமகள் என்று சொல்லிவிடலாம்; ஆனால் பார்ப்பவர்களுக்கு அது நல்லதாகப் படவில்லை.

ஊரார் நினைத்த மாதிரி அது கல் நெஞ்சு இல்லை. டெனிஸ்டன் செத்த அன்று காலையில் நடந்த ஒரு காரியம் அவள் நெஞ்சில் குறுக்கே கிடந்தது. அழுகை வருவதென்றால் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அது நகரவில்லை.

அந்தக் காரியம் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. ரோஷானியின் நீலநிற ரப்பர் செருப்பின் குதிகாலில் யாரோ சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தார்கள். எலி சதுரமாகக் கடிக்காது. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த டெனிஸ்டனிடம் கேட்டாள். பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது பொறுமை போய்விட்டது. முன்னால் போய் நின்று, "சுவத்தோட பேசுறதும் ஒங்களோட பேசுறதும் ஒண்ணுதான்! இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன்னாவது தெரியுதா?" என்று கத்தினாள். டெனிஸ்டன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தவன் மாதிரி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, தோளில் புல்லு வெட்டுற மெஷினைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

கோபம் என்பது பாலாடை மாதிரி, ஊதினால் ஒதுங்கிவிடும். பெட்டி மேசையில் இருப்பதைப் பார்த்ததும் ரோஷானியின் கோபமும் ஒதுங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். பீலிக்குப் பக்கத்தில், தண்ணீர் பிடிக்க ஐந்தாறு பொம்பளைகள் வரிசையில் நின்ற இடத்தில், அவனைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டாள். நடுவில் முப்பது அடிதான். "ஏங்க!" என்றாள். அவன் நடந்தான். "ஏங்க, நில்லுங்க!" அவன் நடந்தான். அப்போதுதான் அவள் கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தாள். அத்தனை பேர் பார்க்க, "டெனிஸ்டன்!" என்று புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. வளைவு வந்தது, போய்விட்டான்.

பீலியில் குடம் நிரம்பி வழிந்தது. "பேரச் சொல்லியில்ல கூப்புடுறா" என்று சுப்பம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது ரோஷானியின் காதில் நன்றாகவே விழுந்தது. பத்து மணிக்கு மேல்மலையில் மரம் வெட்டக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரர்கள் சவுக்கு மரம் ஒன்றைச் சாய்த்தார்கள். ஒதுங்கச் சொல்லி மேலே நின்றவர்கள் கத்தினார்கள். கீழே டெனிஸ்டனின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்கும் என்று துரை முதல் பொலிஸ் வரை எல்லாரும் சொன்னார்கள். ரோஷானியும் அதை ஒத்துக்கொண்டாள். மரம் விழும்போது அவன் ஒதுங்காததற்குக் காரணம் இருந்தது. பீலியடியில் அவன் திரும்பாததற்குத்தான் காரணம் இல்லை. அங்கே மெஷின் ஓடவில்லை.

சுப்பம்மாவின் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அவ்வளவு கோபத்தோடு போனானாம், பேர் சொல்லிக் கூப்பிட்டும் மூஞ்சியைத் திருப்பவில்லையாம், அந்த மனத்தாங்கலோடே செத்தானாம் என்று கதை லயமெல்லாம் சுற்றி, கடைசியில் ரோஷானியிடமே வந்து சேர்ந்தது. அவளுக்கு அதில் புதிதாக எதுவும் இருக்கவில்லை. அவளும் அதைத்தான் நம்பினாள்.

ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளுக்குக் கோயில் கொயர் பாடிப் பழக ஆரம்பித்தபோது டெனிஸ்டன் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டாரின் ஞாபகம் எல்லாருக்கும் வந்தது. கொயரை நடத்துகிற அருமைநாயகம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்குப் பார்க்கிறவர், பக்குவமாக வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் இருக்கிற கிட்டாரைத் திருநாளுக்குத் தரமுடியுமா என்று கேட்டார். ரோஷானி குனிந்து, இழுத்து, தூசி தட்டிக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. இத வாசிக்க ஏலாது. மெல்லிசுக் கம்பிய தொட்டா காதக் கிழிக்குது. தடிச்ச கம்பி கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. அவன் இருக்கையிலயே இப்படித்தான். கொறைடா கொறைடான்னு நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன். சிரிச்சுகிட்டே இன்னும் கூட்டுவான். மண்டக்கனம்னுதான் நான் நெனச்சேன்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "பலாங்கொடையில ஜுனைதீன் நானா இருக்காரு, சவுண்ட் சாமான் திருத்துறவரு. ஒரு தடவ காட்டினா நல்லது. எனக்குத்தான் லீவு இல்ல."

"நான் கொண்டு போறேங்க" என்றாள் ரோஷானி. மலையை வெட்டி ஆற்றில் போடு என்றாலும் அப்போது அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் ஏறினாள். உறைபோட்ட கிட்டாரைப் பார்த்த கண்டக்டர், "அக்கே, கிட்டார் எக்க உடின் தியன்ன" என்று மேல்தட்டைக் காட்டினான். "ஏக்க கெடெய் மல்லி, மங் அல்லங் இன்னங்" என்று சிங்களத்திலேயே சொல்லி, உடைந்துவிடுமென்று அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். ஜன்னலுக்கு வெளியே என்னென்னவோ போயின. எதுவும் அவளுக்குப் பட்டதாகத் தெரியவில்லை.

ஜுனைதீனின் கடை மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. கடை என்றால், ஆள் ஒருவர் உட்கார இடம் விட்டு மீதியெல்லாம் வயிறு திறந்த டீவியும் ஸ்பீக்கரும். ஐம்பது வயது மனுஷன். நெற்றியில் கண்ணாடி, அதைத் தேடுகிற கை மேசையில். கிட்டாரை வாங்கிச் சிறிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் மாட்டி, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். மெல்லிய கம்பிக்கு வந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ். இது கிட்டாரா, ஊசியா?"

கம்பிகளுக்குக் கீழே விரலை நீட்டினார். "இந்தாப் பாருங்க தங்கச்சி. இதுதான் பிக்கப். உள்ளுக்கு ஆறு காந்தம், சுத்தி நூல் கனத்துல செப்புக் கம்பி. மேல கம்பி துடிக்கிறத இதுதான் புடிச்சு ஸ்பீக்கருக்குக் குடுக்கும். கிட்டக் கொண்டு போனா சத்தம் கூடும். ரொம்பக் கிட்டப் போனா காந்தம் கம்பியப் புடிச்சு இழுக்கும், சுருதி ஆடும். ரெண்டு பக்கமும் ஒரு அளவு ஈக்குது."

"தெரியுங்க" என்றாள் ரோஷானி. எட்டு மாதத்தில் கேட்காத கேள்விக்கு அவளாக ஒரு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. "தீக்குச்சி வச்சு அளப்பாரு. கடைசிக் கட்டையில கம்பிய அமுக்கிப் புடிச்சுகிட்டு, மெல்லிசுப் பக்கம் ஒரு குச்சி, தடிச்ச பக்கம் ஒண்ணரைக் குச்சி. நான்தான் டோர்ச் புடிப்பேன்."

கல்யாணமான புதிதில் அது ஒரு விளையாட்டு. அவன் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புவான், கம்பியைத் தட்டுவான், "போதுமா?" என்று கேட்பான். அவள் "போதும்" என்பாள். இல்லாவிட்டால் வேண்டுமென்றே "போதாது" என்பாள். அவன் திரும்பவும் திருப்புவான். கடைசி இரண்டு வருடமாக அவன் டோர்ச் பிடிக்கவும் கூப்பிடவில்லை, போதுமா என்று கேட்கவும் இல்லை. ஆசை குறைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொம்பளைக்கு வேறு எதை நினைக்கத் தோன்றும்?

ஜுனைதீன் ஒரு தீக்குச்சியை எடுத்து வைத்துப் பார்த்தார். தடித்த கம்பிப் பக்கம் மூன்று குச்சி போகும் இடைவெளி. மெல்லிய கம்பிப் பக்கம் குச்சி நுழையவே இல்லை; ஒரு காகிதம் போனது.

"கோணலா நிக்குதே" என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றினார். அந்தக் கிட்டாரில் பிக்கப் நேராக மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் மெத்தை மாதிரி ஏதாவது இருந்தால்தான் அது எழும்பி நிற்கும். ஸ்குரூவை இறுக்கினால் தாழும், தளர்த்தினால் மெத்தை அதை மேலே தள்ளும். பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தவர், இடுக்கியால் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மூன்று துண்டு ரப்பர். மூன்றும் மெல்லிய கம்பிப் பக்கத்திலிருந்தே வந்தன.

முதலாவது கறுத்து, பிசுபிசுத்து, மரப்பட்டைத் தூளோடு இருந்தது. தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் நிற்கிற ரப்பர் மரத்தின் ஒட்டுப்பால். இரண்டாவது சைக்கிள் டியூப், ஓரம் வெடித்திருந்தது. மூன்றாவது புதுசு. நீலம். சதுரம்.

ரோஷானி அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"ஒரே நாளையில வெச்சது இல்ல" என்றார் ஜுனைதீன். அவருக்கு அது திருத்தவேண்டிய ஒரு சாமான், அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆர்வமாகவே பேசினார். "இது மூணு நாலு வருஷம் ஈக்கும். இது ஒரு ரெண்டு வருஷம். இது நேத்து வெச்ச மாதிரி ஈக்குது. காணாது காணாதுன்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏத்தியீக்காரு. அதுவும் மெல்லிய கம்பிக்கு மட்டும். தடிச்ச கம்பிக்கு ஒண்ணும் வெக்கல்ல." நிமிர்ந்து பார்த்தார். "இத வாசிச்சவருக்கு என்ன வேல?"

"தோட்டத்துல புல்லு வெட்டுற மெஷின். ஆறு வருஷம்."

"காதுக்கு ஏதும் போடுவாரா?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. பஞ்சு வச்சுகிட்டுப் போவாரு."

ஜுனைதீன் இடுக்கியைக் கீழே வைத்தார். "நான் டொக்டர் இல்ல தங்கச்சி. ஆனா இந்தக் கடையில இருந்து ஒண்ணு படிச்சீக்கன். மில்லுக்காரங்க, மெஷின்காரங்க டீவியத் தூக்கிக்கிட்டு வருவாங்க, ‘சத்தம் வருதில்ல நானா’ண்டு. போட்டுப் பாத்தா டீவி நல்லா ஈக்கும். பழுதானது காது. அதுவும் முழுசாப் போறதில்ல. மெல்லிய சத்தம்தான் மொதல்ல போகும். குருவி, ஃபோன் மணி, புள்ளைங்க சத்தம், பொம்பளைங்க கொரல். தடிச்ச சத்தம் கேட்டுக்கிட்டே ஈக்கும். அதனால அவங்களுக்கே தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க. சொன்னா மெஷினுக்கு வேற ஆளப் போட்டுருவாங்களே. இவரு கம்பி கொறையுதுண்டு நெனச்சிட்டு, பிக்கப்ப ஏத்திக்கிட்டே போயீக்காரு."

கடையில் எங்கோ ஒரு ரேடியோ சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தது. ரோஷானி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவள் மாதிரி நின்றாள். டெனிஸ்டன் எப்போதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான், கண்ணெடுக்காமல் பார்ப்பான், ஆரம்பத்தில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. கரண்ட் போனால் அவன் பேச்சும் நின்றுவிடும். மெழுகுவர்த்தி கொளுத்தும்வரை கேட்டதற்குப் பதில் வராது. இருட்டில் என்ன ஊமை வேஷம் என்று அவள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இருட்டில் வாய் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். நாலு வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்கு இது தெரியவில்லை. காந்தத்துக்கு அடியில் கிடந்த செருப்புத் துண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

"நானா."

"சொல்லுங்க."

"முன்னுக்கு நின்னு பேசினா கேக்குமா?"

"வாயப் பாத்து வெளங்கிக்குவாங்க."

"பின்னால இருந்து கூப்புட்டா? ஒரு முப்பது அடியில இருந்து. பொம்பள."

ஜுனைதீன் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். கிட்டார் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. "கேக்காது மகள்" என்றார். தங்கச்சி எப்போது மகளானாள் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "பேர் சொல்லிக் கூப்புட்டாலும் கேட்டீக்காது."

வெகுநேரம் மரத்துக்கிடந்த காலை நீட்டினால் முதலில் வருவது சுகம் இல்லை. ஆயிரம் ஊசி. ரோஷானி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உட்காருங்க என்று அவர் ஸ்டூலிலிருந்த ஸ்பீக்கரைத் தூக்கிக் கீழே வைத்தார். அவள் உட்காரவில்லை.

"சரியான அளவுக்கு வெச்சுத் தரவா?" என்று கேட்டார். "இல்லாட்டி, அவரு வெச்ச மாதிரியே மூடித் தாறன். உங்க இஷ்டம்."

அவள் யோசித்தாள். எட்டு மாதமாக யார் சொன்னதையும் யோசிக்காமல் செய்து வந்தவள், இதற்கு நின்று யோசித்தாள். அவன் வைத்த மாதிரியே விட்டால் கொயரில் யாரும் வாசிக்க முடியாது. மண்டைக்கனம் பிடித்தவன் கிட்டார் என்ற பேரோடு அது திரும்பவும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

"சரியா வைங்க" என்றாள். "மெல்லிசுப் பக்கம் ஒரு குச்சி. தடிச்ச பக்கம் ஒண்ணரை."

இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் புது ரப்பர் பஞ்சு வெட்டி வைத்து, பிக்கப்பை உட்காரவைத்து, ஸ்குரூவை மெதுவாகத் திருப்பினார். கடைசிக் கட்டையில் அவர் கம்பியை அமுக்கிப் பிடிக்க, தீக்குச்சியை நுழைத்துப் பார்த்தது ரோஷானி. இன்னும் கால் சுற்று என்றாள். பிறகு அவர் ஆறு கம்பியையும் ஒன்றாகத் தடவினார். ஒன்றை ஒன்று அமுக்காமல், காதை உறுத்தாமல் சத்தம் வந்தது.

"போதுமா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். கூலி என்று நீட்டியதை அவர் வாங்கவில்லை. பழைய துண்டுகளைக் குப்பைக்கூடைக்குத் தள்ளப்போனவரின் கையிலிருந்து நீலத்தை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

பஸ் இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது நாலு மணி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பீலியில் கூட்டம். உடுப்புத் துவைக்கிறவர்கள், தலை முழுகுகிறவர்கள், இரண்டும் முடிந்தும் போக மனமில்லாதவர்கள். சுப்பம்மா இந்த மூன்றாவது இனம்.

"என்னா ரோஷானி, கிட்டாரு திருந்திருச்சா?"

பதில் சொல்லாமல் போவதுதான் அவள் வழக்கம். இன்று நின்றாள். அன்றைக்கு எந்த இடத்தில் நின்று கூப்பிட்டாளோ அதே இடம். வளைவு அப்படியே இருந்தது.

"அக்கா, அவருக்குக் காது கேக்கல."

"யாருக்கு?"

"அவருக்கு. மெஷின்ல போயிருச்சு. மூணு நாலு வருஷமா. யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்டயும் சொல்லல." உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் நனைந்த நீலத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. "அன்னைக்குக் காலையில, சுவத்தோட பேசுற மாதிரின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன்க்கா. அது மட்டும் அவருக்கு வெளங்கிருச்சு. முன்னுக்கு நின்னு சொன்னேன்ல. பின்னால வந்து கூப்புட்டது கேக்கல."

சுப்பம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. சோப்பு நுரை அவள் முழங்கையிலிருந்து வழிந்தது. தோட்டத்தில் அவளை இப்படிப் பேச்சில்லாமல் பார்த்தவர்கள் குறைவு.

"கோவத்துல போகலக்கா. கேட்டிருந்தா திரும்பியிருப்பாரு" என்றாள் ரோஷானி. சுப்பம்மா என்னவோ சொல்ல வந்தாள். ரோஷானி அவளைப் பார்க்கவில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை அங்கே வரைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்: "கேட்டிருந்தா திரும்பியிருப்பாரு!"

பிறகு கிட்டாரைப் பத்திரமாகக் கல்லில் சாய்த்துவைத்துவிட்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, எட்டு மாதத்து அழுகையை அழுதாள்.